கடன் தீர்த்த வீடு: ஆரம்பகால முஸ்லிம் சமூகத்தில் கடனும் குடும்பச் செலவும்

ஹிஜ்ரி 36ஆம் ஆண்டு (கி.பி. 656) பஸராவுக்கு வெளியே ஜமல் போர் நடந்த நாளில், ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்கள் தம் மகன் அப்துல்லாஹ்வை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள். அன்று தாம் கொல்லப்படுவோம் என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தது. போரைப் பற்றி ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு, தம் மனத்தை மிகவும் வருத்துவது கடனே என்றார்கள். அதைத் தீர்த்த பின் சொத்தில் ஏதேனும் எஞ்சும் என்று கருதுகிறாயா என மகனிடம் கேட்டார்கள்; சொத்தை விற்றுக் கடனை அடைக்குமாறு பணித்தார்கள். முடியாமற் போனால் தம் எஜமானனிடம் உதவி தேடுமாறும் சொன்னார்கள். யார் அந்த எஜமானன் என்பது மகனுக்கு விளங்கவில்லை, கேட்டார். அல்லாஹ் என்று பதில் வந்தது. பின்னாளில் கடன் சுமை அழுத்திய போதெல்லாம் ஸுபைரின் எஜமானனை அழைத்தே துஆச் செய்ததாக அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) கூறுகிறார். ஸஹீஹுல் புகாரியில் குமுஸ் பற்றிய பாகத்தில் அவர் வாயிலாகவே இந்த நீண்ட அறிவிப்பு பதிவாகியுள்ளது. கடன் தீர்த்த ஒரு வரலாற்றை இத்தனை கணக்கு விவரங்களுடன் கூறும் அறிவிப்பு ஹதீஸ் தொகுப்புகளில் வேறொன்று இருப்பதாக நான் அறியேன்.

அப்துல்லாஹ் கணக்கிட்ட போது கடன் 22 இலட்சமாக இருந்தது. திர்ஹம் என்றே இதைக் கொள்வர். தந்தை விட்டுச் சென்றதில் ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. நிலங்கள் இருந்தன; அவற்றுள் மதீனாவை அடுத்த ஃகாபா என்பது முக்கியமானது. மதீனாவில் 11 வீடுகளும், பஸராவில் இரண்டும், கூஃபாவில் ஒன்றும், மிஸ்ரில் ஒன்றும் இருந்தன. இத்தனை சொத்துடையவருக்கு இவ்வளவு கடன் வந்த வகையையும் அறிவிப்பு விளக்குகிறது. மக்கள் தம் பணத்தை அமானிதமாகக் கொடுத்துவைக்க ஸுபைர் (ரலி) அவர்களிடம் வருவார்கள். அமானிதமாக வேண்டாம், கடனாக இருக்கட்டும், தொலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். அமானிதப் பொருள் காப்பவரின் குற்றமின்றித் தொலைந்தால் அவர் ஈடு தரவேண்டியதில்லை. கடனாயின் எந்நிலையிலும் திருப்பித் தந்தே ஆகவேண்டும். பிறர் பொருளுக்கு முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றதனால் வளர்ந்த கடன் அது. ஆளுநர் பதவியோ வரி தண்டும் பொறுப்போ அவர்கள் ஒருபோதும் வகித்ததில்லை என்பதையும் மகன் சேர்த்துச் சொல்கிறார்.

அதன் பின் நடந்தது ஒரு கைதேர்ந்த வணிகனின் வேலை. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியில் சந்தித்துக் கடன் எவ்வளவு என்று கேட்டபோது, அப்துல்லாஹ் உண்மைத் தொகையை மறைத்து ஓர் இலட்சம் என்றார். அதற்கே உங்கள் சொத்து போதாது என்றார் அம்முதியவர். 22 இலட்சமாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று அப்துல்லாஹ் திருப்பிக் கேட்டார். உங்களால் தாங்க இயலாது, முடியாவிட்டால் என்னிடம் உதவி கேளுங்கள் என்றார் ஹகீம். அப்துல்லாஹ் கேட்கவில்லை. தந்தை 1,70,000க்கு வாங்கியிருந்த ஃகாபா நிலத்துக்கு 16 இலட்சம் விலை வைத்து, தந்தையிடம் பாக்கி உள்ளவர்கள் ஃகாபாவுக்கு வரலாம் என்று அறிவித்தார்.

வந்தவர்களில் அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) ஒருவர். அவருக்கு 4 இலட்சம் வரவேண்டியிருந்தது. விரும்பினால் விட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றார் மகன். கடைசியாகக் கொடுத்தாலும் சரி என்றார். அதுவும் வேண்டாம் என்றார். அப்படியானால் நிலத்தில் ஒரு பகுதியைத் தாருங்கள் என்றதும் எல்லை காட்டிக் கொடுத்தார். எஞ்சிய நான்கரைப் பங்கை, பங்குக்கு ஓர் இலட்சம் என்று, முஆவியா (ரலி) அவர்களின் அவையில் அங்கிருந்த மூவர் ஆளுக்கொரு பங்காக எடுத்துக்கொண்டனர். மீந்த ஒன்றரைப் பங்கை முஆவியாவே 1,50,000க்கு வாங்கினார்கள். இப்னு ஜஅஃபர் தம் பங்கைப் பின்னர் முஆவியாவிடம் 6 இலட்சத்துக்கு விற்றார் என்பது வணிக மனம் படைத்தோர் புன்னகை செய்யும் செய்தி.

கடன் தீர்ந்ததும் உடன்பிறந்தோர் பாகப்பிரிவினை கேட்டார்கள். அப்துல்லாஹ் மறுத்துவிட்டார். ஸுபைரிடம் யாருக்கேனும் பாக்கி உண்டா என்று நான்கு ஹஜ் காலங்களில் மக்கள் கூடுமிடத்தில் அறிவித்த பிறகே பங்கிடுவேன் என்றார், அவ்வாறே செய்தார். இறுதியில் நான்கு மனைவியருக்கும் தலா 12 இலட்சம் கிடைத்தது. மொத்தச் சொத்து 5 கோடியே 2 இலட்சம் என்று அறிவிப்பு முடிகிறது. மனைவியரின் பங்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மூன்றிலொரு பங்கு மரண சாசனத்தையும் கடனையும் கூட்டினால் 5 கோடியே 98 இலட்சம் வருகிறது. இந்த வேறுபாட்டை உரையாசிரியர்கள் விடாமல் ஆராய்ந்துள்ளனர். காத்திருந்த நான்காண்டுகளில் நிலங்களின் விளைவு சேர்ந்தது என்பது அவர்கள் கூறும் விளக்கங்களுள் பொருந்துவது. அப்படியாயின், ரொக்கமே விட்டுச் செல்லாத ஒரு சொத்து, அவசரப்பட்டுப் பிரிக்கப்படாத காரணத்தாலேயே வளர்ந்தது என்றாகிறது.

இந்த நிகழ்ச்சியை நம் சொற்பொழிவாளர்கள் பரக்கத்துக்குச் சான்றாகக் கூறுவர். புகாரி இமாமும் அத்தலைப்பிலேயே அதை வைத்துள்ளார். ஆயினும் 11 வீடு உடையவரின் கடன் நம்மில் பெரும்பாலோரின் கடன் அன்று. நம் வீடுகளின் கடனுக்கு அளவில் நெருங்கியது வேறொரு ஜனாஸாவின் பக்கத்தில் பேசப்பட்ட கடன். ஒருவரின் உடலைத் தொழுகைக்காகக் கொண்டு வந்தபோது, இவருக்குக் கடன் உண்டா, அதற்கு ஈடாக ஏதும் விட்டுச் சென்றாரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். கடன் உண்டு, சொத்து இல்லை என்று தெரிந்ததும் தோழர்களைத் தொழுகை நடத்தச் சொல்லித் தாம் விலகிக்கொண்டார்கள். அபூ கதாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழுவித்தார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்களின் அறிவிப்பில் அக்கடன் மூன்று தீனார். ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இரண்டு. மறுநாள் அபூ கதாதாவைக் கண்டதும், அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று நபியவர்கள் விசாரித்தார்கள் என்பதும், கொடுத்தாயிற்று என்ற பதில் வந்த பின்பே இறந்தவருக்கு நிம்மதி கிடைத்ததாகச் சொன்னார்கள் என்பதும் ஜாபிரின் அறிவிப்பில் உள்ள கூடுதல் செய்திகள். பொறுப்பேற்பதாகச் சொன்ன வாக்கோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பின்னர் வெற்றிகளால் பொருள்வளம் வந்தபோது, கடனோடு இறந்து அதைத் தீர்க்க ஏதும் விட்டுச் செல்லாதோரின் கடனுக்குத் தாமே பொறுப்பு என நபியவர்கள் அறிவித்தார்கள்.

இரண்டு தீனாருக்கு இவ்வளவு கண்டிப்பு காட்டப்பட்ட சமூகத்தில் கலீஃபாக்களின் வீட்டுச் செலவு எவ்வாறு இருந்தது என்பதை அறிய, இப்னு ஸஅதின் தபகாத் முதலிய நூல்கள் உதவுகின்றன. அபூபக்ர் (ரலி) அவர்களின் துணைவியார் இனிப்புப் பண்டம் உண்ண ஆசைப்பட்டு, அன்றாடப் படியிலிருந்து சிறிது சிறிதாக மிச்சம் பிடித்தார் என்றும், கலீஃபா அத்தொகையைப் பைத்துல் மாலில் திருப்பிச் சேர்த்து, அந்த அளவு இல்லாமலும் குடும்பம் நடக்கும் என்று தெரிந்துவிட்டதால் படியையும் குறைத்துவிட்டார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இந்தச் செய்தியைப் படிக்கும் போதெல்லாம் அந்த அம்மையார் பக்கமே என் மனம் சாய்கிறது. சேமித்தவர் அவர், குறைந்ததோ அவருடைய படி. தம் இறுதி நோயில், பைத்துல் மாலிலிருந்து தாம் பெற்றதற்கு ஈடாகத் தம் நிலமொன்றைக் கொடுத்துவிடும்படி அபூபக்ர் (ரலி) சொல்லிச் சென்றதையும் சேர்த்துப் பார்த்தால், கலீஃபாவுக்குரிய ஊதியத்தைக்கூட அவர்கள் ஒருவகைக் கடனாகவே கருதியது விளங்கும்.

உமர் (ரலி) தமக்கு ஆகுமானதை மக்கள் முன் பட்டியலிட்டார்கள். கோடைக்கு ஓர் ஆடை, குளிருக்கு ஓர் ஆடை, ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் ஒரு வாகனம், குறைஷியரில் நடுத்தரமான ஒருவரின் குடும்பத்துக்குரிய உணவு, அவ்வளவே. ஹிஜ்ரி 18இல் வந்த பஞ்சத்தின் போது நெய்யை விட்டு எண்ணெய்யையே உண்டதால் அவர்களின் மேனி நிறம் மாறியது என்பது பலரும் அறிந்தது. அத்தகைய வீட்டிலும் கடன் இருந்தது. தேவை வந்தால் பைத்துல் மால் பொறுப்பாளரிடம் கடன் வாங்குவார்கள். சில வேளை கொடுக்க இயலாமல் போக, பொறுப்பாளர் வந்து கலீஃபாவை நெருக்குவார். ஏதேனும் ஒரு வழி செய்வார்கள், அல்லது தமக்குரிய மானியம் வந்ததும் அடைப்பார்கள் என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். கலீஃபாவை நெருக்கும் துணிவு ஒரு பொறுப்பாளருக்கு இருந்ததை வியப்பதா, கலீஃபாவுக்கே மாதச் செலவு இடித்ததை வியப்பதா என்று தெரியவில்லை.

ஹிஜ்ரி 23இல் (கி.பி. 644) குத்துண்டு கிடந்தபோது, தம் கடனைக் கணக்குப் பார்க்கும்படி மகன் அப்துல்லாஹ்விடம் உமர் (ரலி) சொன்னார்கள். ஏறத்தாழ 86,000 என்று கணக்காயிற்று. உமரின் குடும்பச் சொத்து போதுமானால் அதிலிருந்து கொடு. போதாவிட்டால் அதிய்யு கிளையாரிடம் கேள். அதுவும் போதாவிட்டால் குறைஷியரிடம் கேள். அவர்களைத் தாண்டி வேறு எவரிடமும் செல்லாதே என்று வரிசை வகுத்துக் கொடுத்தார்கள். உமருக்குக் கடனே இருந்திருக்க முடியாது என்று நாஃபிஉ (ரஹ்) மறுத்ததாகவும் ஒரு செய்தி உண்டு. வாரிசுகளில் ஒருவர் தம் பங்கை ஓர் இலட்சத்துக்கு விற்றிருக்க, கடன் எப்படி என்பது அவர் வாதம். சொத்து நிறைய இருப்பதாலேயே கடன் இல்லையென்று ஆகிவிடாது என இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரியில் இதற்கு விடை கூறுகிறார். நிலமும் தோப்பும் உடையவர் கைப்பணம் இன்றித் தவிப்பதை நேரில் கண்டவர்களுக்கு இந்த விடை புதிதன்று.

மதீனாப் பள்ளியின் ஒரு வாசலுக்கு எதிரே தாருல் களா என்றொரு வீடு இருந்தது. மழைக்காக துஆச் செய்யும்படி ஒருவர் வந்து கேட்ட ஹதீஸில் அப்பெயர் வருகிறது. களா என்றதும் நீதிமன்றம் என்று எண்ணத் தோன்றும். உமரின் கடனைத் தீர்ப்பதற்காக விற்கப்பட்ட வீடு என்பதால் கடன் தீர்த்த வீடு என்னும் பொருளில் அப்பெயர் வந்தது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். அதை வாங்கியவர் முஆவியா. ஆள்வோர் கட்டியதால் பெயர் பெற்ற மாளிகைகள் உலகில் ஏராளம். ஆண்டவர் விற்றதால் பெயர் பெற்ற வீடு இது.

இதுவரை கண்டவர்கள் தம் கடனுக்குத் தாமே ஏற்பாடு செய்தவர்கள். செய்ய இயலாமற் போனவரின் கதை முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களுடையது. கையில் எதையும் தங்கவிடாத கொடையாளியான இளைஞர் அவர். கடன் வாங்கி வாங்கி, சொத்து முழுவதும் கடனில் மூழ்கிவிட்டது. கடன் கொடுத்தோரிடம் பேசும்படி நபி (ஸல்) அவர்களை வேண்டினார். நபியவர்கள் பேசியும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. முஆதின் சொத்து முழுவதும் விற்கப்பட்டுக் கடன்காரர்களுக்குப் பங்கிடப்பட்டது. அவர் வெறுங்கையோடு எழுந்தார். பின்னர் யமனுக்குப் பொறுப்பாளராக அனுப்பப்பட்டார். இந்த அறிவிப்பு முர்ஸலாக வருவதே வலுவானது என்பது ஹதீஸ் கலையினரின் கருத்தாயினும், கடனாளியின் சொத்தை நீதிபதி விற்கலாம் என்ற சட்டத்துக்கு ஃபிக்ஹு அறிஞர்கள் இதை ஆதாரமாக எடுத்தாண்டுள்ளனர். இதில் என்னை நிறுத்திச் சிந்திக்க வைப்பது ஒன்று. முஆதின் கடன் ஆடம்பரத்தால் வந்ததன்று, ஈகையால் வந்தது. ஆயினும் அந்த ஈகையைக் காரணமாகக் காட்டிக் கடன் கொடுத்தோரின் உரிமையில் ஒரு திர்ஹமையேனும் குறைக்க நபியவர்கள் கட்டளையிடவில்லை. கேட்டார்கள், மறுத்ததும் விற்றார்கள். கடன் உள்ளவன் வழங்கும் கொடை பிறர் பொருளிலிருந்து வழங்கும் கொடை என்ற எண்ணம் பிற்காலச் சட்டத்திலும் ஊடுருவி நிற்கிறது. மரண சாசனத்தைத் திருக்குர்ஆன் (4:11) முதலில் சொல்லியிருந்தும், அதற்கு முன் கடனையே நபியவர்கள் தீர்க்கச் செய்தார்கள் என்பது அலி (ரலி) அவர்களின் அறிவிப்பு.

கடன் கொடுத்தவன் இவ்வாறு முந்தி நின்றால் கடனாளிக்கு எஞ்சுவதென்ன? வாங்கிய பழங்கள் அழிந்து கடனில் விழுந்த ஒருவருக்காக மக்களிடம் தர்மம் திரட்டச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அதுவும் போதாதபோது, இருப்பதைப் பெற்றுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கடன் கொடுத்தோரிடம் தீர்த்துச் சொன்னதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இந்த எல்லையை வீட்டுப் பொருள் வரை கொண்டு சென்றவர் உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்). ஹிஜ்ரி 99 முதல் 101 வரை ஆண்ட அவர்களின் கடிதங்கள் சிலவற்றை அபூ உபைத் (இறப்பு ஹிஜ்ரி 224) கிதாபுல் அம்வாலில் காத்து வைத்துள்ளார். இராக்கின் ஆளுநர் மானியங்களைக் கொடுத்த பின்னும் பணம் மிஞ்சுவதாக எழுதினார். அறிவீனமும் வீண்விரயமும் இன்றிக் கடன்பட்டோரைத் தேடி அவர்களின் கடனைத் தீர்க்கும்படி பதில் சென்றது. கடன்பட்டோரின் கடனைத் தீர்க்குமாறு பிறப்பித்த ஆணை பற்றி மற்றோர் ஐயமும் வந்தது. வீடும் பணியாளும் குதிரையும் தட்டுமுட்டுச் சாமான்களும் உடையவன் கடனாளி என்று வருகிறானே, அவனுக்கும் கொடுப்பதா என்று கேட்டார்கள். குடியிருக்க வீடும், வேலைக்கு உதவ ஒருவரும், போருக்குக் குதிரையும், வீட்டில் சாமான்களும் ஒரு முஸ்லிமுக்கு இருந்தே தீரவேண்டும். அவனுக்காகக் கொடுங்கள், அவன் கடனாளிதான் என்றார்கள் கலீஃபா.

தம் துணைவியார் ஃபாத்திமாவின் நகையைப் பைத்துல் மாலில் சேர்த்த அதே மனிதர்தாம் இந்தக் கடிதத்தையும் எழுதியவர். தம் வீட்டைக் கடைசி மணி வரை குறைத்தவர், பிறர் வீட்டின் சாமான்களைக் கணக்கில் எடுக்க மறுத்தார். சிக்கனத்தைப் பிறருக்கு உபதேசிப்பதில் நாம் காட்டும் உற்சாகத்துக்கு நேர் எதிரான போக்கு இது.

சட்டநூல்கள் இவ்வளவு தாராளமாக இல்லை. அவற்றுக்கிடையே கருத்து வேறுபாடும் உண்டு. நீதிபதி கடனாளியின் பொருளை விற்கக்கூடாது, அவனே விற்கும் வரை சிறையில் வைக்கலாம் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. மாணவர்களான அபூ யூஸுஃபும் முஹம்மதும் இதில் ஆசிரியரோடு உடன்படவில்லை. குடியிருக்கும் வீட்டை ஹன்பலீ அறிஞர்கள் விட்டுவைக்க, ஷாஃபிஈகள் அதையும் விற்கலாம் என்பர். இமாம் நவவீ (இறப்பு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) மின்ஹாஜில் வகுத்த எல்லை சுருக்கமானது. தகுதிக்கேற்ற ஒரு தொகுதி உடை, குளிர் காலமாயின் ஒரு மேலங்கி, பங்கீடு நடக்கும் அன்று அவனுக்கும் அவன் பராமரிப்பில் உள்ளோருக்கும் ஒரு நாள் உணவு. அறிஞனுக்கு அவனுடைய கிதாபுகளையும் விட்டுவைக்கலாம் என்று பின்வந்தோர் சேர்த்துக்கொண்டனர்; சட்டம் எழுதியவர்கள் யார் என்பதை மறக்கக்கூடாது! ஆனால் அதே மின்ஹாஜ், எஞ்சிய கடனுக்காக அவன் கூலி வேலை செய்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் இடம் தரவில்லை. பாவமான செயலால் பட்ட கடனாயின் உழைத்து அடைப்பது கடமை என்று பின்வந்தோர் பிரித்துக் கூறினர். கடன் எவ்வளவு என்பதோடு எதனால் வந்தது என்பதும் இவ்வாறு சட்டத்தின் கேள்வியாயிற்று. உமர் இப்னு அப்துல் அஸீஸின் நிபந்தனையில் இருந்த அதே கேள்வி.

தமிழகக் கடற்கரையூர்களில் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபும் உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபும் வழங்குவதால், இவ்விரு மரபுகளின் நொடிப்புச் சட்டமும் நம் மத்ரஸாக்களில் பாடமாக இருந்துவருகிறது. பாடம் மத்ரஸாவைத் தாண்டி வந்ததா என்பதே ஐயம். வட்டி ஹராம் என்பதை நம் மேடைகள் ஓயாமல் சொல்லியிருக்கின்றன, சொல்லவும் வேண்டும். வட்டிக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் நடக்கும் கணக்கைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை. மகளின் திருமணத்துக்குச் சீரும் விருந்துமாகச் செலவிட்டு, நகையை அடகுவைத்து, பத்தாண்டு அடைக்கும் தகப்பனின் கடன் அறிவீனமும் வீண்விரயமும் இல்லாத கடன் என்ற பிரிவில் வருமா? தன் விருப்பத்தால் அன்றி ஊர் வழக்கத்துக்கு அஞ்சிச் செய்தவன் அவன். அவனிடம் மட்டும் சிக்கனம் பேசுவது முஆதின் சொத்தை விற்றுவிட்டு முஆதைக் குறை சொல்வது போலாகும். விருந்துண்டவர்களுக்கும் அந்தக் கணக்கில் பங்கு இருக்கிறது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிவைப்பது பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதச் சலிப்படைய வேண்டாம் என்பதும் அதன் கட்டளைகளில் ஒன்று. ஸுபைரின் 22 இலட்சத்தையும் உமரின் 86,000த்தையும் மக்கள் கணக்கிட முடிந்தது, கொடுக்க வேண்டியவர்கள் யார் என்பது தெரிந்திருந்ததால்தான். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் வாரிசு ஒருவர் எழுந்து, மைய்யித்தோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் தம்மைப் பார்க்கும்படி சொல்லும் வழக்கம் இன்றும் உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஸுபைரின் அறிவிப்புக்கு நம்மிடம் மிஞ்சியிருக்கும் வடிவம் அது. பெரும்பாலும் ஸஃப்புகள் சரிசெய்யப்படும் சலசலப்புக்கிடையே அது சொல்லி முடிக்கப்படுகிறது. சொல்பவரின் கையில் தகப்பனார் எழுதிவைத்த கணக்கு இருப்பதை இதுவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அவ்விருவரில் ஒருவர் சிறு மளிகைக் கடைக்காரர். அந்தக் கணக்கின் கடைசிப் பக்கத்தில், பக்கத்துத் தெருப் பால்காரருக்கு மூன்று நாள் பாக்கி என்று எழுதியிருந்தது.